கரையில் ஓடுவது

சீடர் தாணுலிங்கத்துக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. குரு பெனடிக்டாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. தாணுலிங்கம் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் பெனடிக்டாவை டீச்சர் என்றார். பெனடிக்டா அவரை சார் என்றார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று முத்தன்துறையில் பலருக்கு விளங்கவே இல்லை.

முத்தன்துறை குமரிக் கடற்கரையில் ஒரு மீனவ ஊர். மாதா கோவிலை ஒட்டி ஊர்க் கமிட்டி கட்டிக்கொடுத்த ஒற்றை அறை. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர். கடலில் கிடக்கும் மிதவை ஒன்று அலையின் அளவை அந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அரைமணிக்கு ஒருமுறை அதில் ஒரு புரோகிராம் ஓடும். கடல் எப்படி இருக்கிறது என்பதைக் கோவில் கோபுரத்து ஒலிபெருக்கி கரைக்குச் சொல்லும்.

சொல்லும் குரல் பெனடிக்டாவுடையது. எண்களையும் சொற்களையும் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்திருந்தார். கம்ப்யூட்டர் வேண்டியதை எடுத்துக் கோத்துக்கொள்ளும். கணக்குப் போடுவது அவரே பைதானில் எழுதிய ஒரு லைப்ரரி. கடல் பொங்கி ஏறுவதைக் குறிக்கும் ஓதம் என்ற சொல்லை அதற்குப் பெயராக வைத்திருந்தார். அக்கம்பக்கத்துக் கடற்கரை ஊர்கள் சிலவும் அதை வாங்கித் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டன.

தாணுலிங்கம் முதலில் வந்தது குறை சொல்லத்தான்.

தூரத்தில் எங்கோ புயல் அடிக்கும். இங்கே இலைகூட அசையாது. கடல் சமர்த்தாகக் கிடக்கும். திடீரென்று எழும்பிக் கரைக்குள் வரும். கள்ளக்கடல் என்பார்கள். அப்படி ஒரு பகலில், கடல் அமைதி என்று ஒலிபெருக்கி சொல்லி முடித்த சற்று நேரத்தில், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. செய்தியைப் படித்துவிட்டுத் தாணுலிங்கம் பஸ் ஏறி வந்தார். உங்கள் கணக்கு அலையின் உயரத்தை மட்டும் பார்க்கிறது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதில்லை, கள்ளக்கடல் ஒளிந்திருப்பது அந்த இடைவெளியில்தான் என்று வகுப்பு எடுப்பதுபோல் சொன்னார்.

பெனடிக்டா முழுவதையும் கேட்டார்.

"செத்ததுல ஒருத்தரு எங்க சித்தப்பா" என்றார்.

எழுந்துகொண்ட தாணுலிங்கத்தைத் திரும்ப உட்காரவைத்தார்.

"எனக்கு அலையோட கணக்கு தெரியாது. உங்களுக்கு பைதான் தெரியாது. கத்துக்கிடுதீங்களா, சார்?"

அப்படித்தான் அவர் சீடர் ஆனார்.

நன்றாகவே கற்றுக்கொண்டார். சில மாதங்களில் ஓதத்தைத் திறந்து படிக்க முடிந்தது. ஒரு நாள் அதில் முதல் வரியைத் திருத்தினார். ஒன்றும் மாறவில்லை. மறுபடி திருத்தினார். வேண்டுமென்றே ஒரு வரியை உடைத்துப் பார்த்தார். புரோகிராம் எதுவும் நடக்காததுபோல் ஓடிற்று. பெனடிக்டாவைக் கூப்பிட்டார். உடைந்தது ஏன் ஓடுகிறது என்று கேட்டார்.

பெனடிக்டா, ஓடிக்கொண்டிருக்கும் லைப்ரரி எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரையே கேட்கச் சொன்னார். தாணுலிங்கம் கேட்டார். திரையில் வந்த இடம் வேறு. அவர் திருத்திக்கொண்டிருந்த இடம் வேறு.

"நீங்க உடைச்சது இங்க கிடக்கு. ஓடுறது அங்க கிடக்கு" என்றார் பெனடிக்டா.

பிறகு விளக்கினார். லைப்ரரியை இரண்டு விதமாக நிறுவலாம். ஒன்று, பயன்படுத்துவதற்கு. அப்போது கம்ப்யூட்டர் அதைப் பிரதி எடுத்துத் தன் உள்ளே வைத்துக்கொள்ளும். வெளியே மூலத்தில் என்ன செய்தாலும் பிரதிக்குத் தெரியாது. மற்றது, எழுதித் திருத்துவதற்கு. அப்போது பிரதி கிடையாது. கம்ப்யூட்டர் நேராக மூலத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எழுதிச் சேமித்தால் போதும், அடுத்த முறை ஓடும்போது எழுதியதுதான் ஓடும். கட்டளையில் ஒரு கோடும் ஓர் எழுத்தும் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் லேப்டாப்பில் அப்படிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

தாணுலிங்கம் போட்டுக்கொண்டார். ஒரு சொல்லை மாற்றினார். திரையில் உடனே மாறிற்று. குழந்தைபோல் இன்னொன்றை மாற்றினார்.

"டீச்சர், எழுதின உடனே உயிர் வாற வழி இருக்கு. பிறகு எதுக்கு எல்லாரும் பிரதியக் கட்டிக்கிட்டு அழணும்?"

பெனடிக்டா அவரைப் பார்த்தார். அந்த நேரத்தில் பக்கத்து ஊரிலிருந்து போன் வந்தது. எடுத்துப் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது தாணுலிங்கமும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

லேப்டாப்பில் ஒரு குறை இருந்தது. மிதவையின் அளவு அதற்கு வராது. அறையிலிருந்த கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் வரும். தாணுலிங்கத்துக்கு உண்மையான கடலின் எண்கள் வேண்டியிருந்தன. பெனடிக்டா பக்கத்து ஊருக்குப் போயிருந்த ஒரு காலையில், அறைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். அதிலிருந்த பிரதியை நீக்கினார். திருத்தும் முறையில் ஓதத்தை நிறுவினார். சாயங்காலம் பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தார்.

வேலை ஓடிற்று. எச்சரிக்கைச் செய்தி சரியாகக் கோக்கப்படுகிறதா என்று பார்க்க ஆசை வந்தது. மிதவையிலிருந்து வரும் எண்ணைத் துண்டித்துவிட்டு, அந்த வரியில் பதினைந்து என்று எழுதினார். கடலில் வரவே வராத எண் என்பதால்தான் அதை எழுதினார். சேமித்தார். இயக்குவதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது. ஜன்னலோரம் நின்று, சாப்பிட்டாயிற்றா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரைமணிக்கான முறை வந்தது. கோபுரத்து ஒலிபெருக்கி பேசிற்று.

அலை உயரம் பதினைந்து மீட்டர். கரையை விட்டு உடனே விலகவும்.

தாணுலிங்கம் முதலில் அதைச் செய்தியாகத்தான் கேட்டார். அந்த எண் தன்னுடையது என்று உறைக்க ஒரு கணம் ஆயிற்று. போன் கையிலிருந்து விழுந்தது. மகள் தரையிலிருந்து அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கரை சுனாமியைப் பார்த்த கரை. யாரும் கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் கத்தவும் இல்லை. அதுதான் அவருக்குப் பயங்கரமாக இருந்தது. ஏலம் போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் மீனைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். வீடுகளின் கதவுகள் திறந்தன. படுக்கையில் கிடந்த ஒருவரைப் பாயோடு தூக்கிக்கொண்டு நான்கு பேர் போனார்கள். ஒரு பெண் அடுப்பிலிருந்த சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் அதைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். சோறு மணலில் கொட்டி ஆவி பறந்தது.

தாணுலிங்கம் வாசலுக்கு வந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றார். அலை இல்லை, அலை இல்லை என்று சொன்னார். வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

மெற்றில்டா என்று ஒருத்தி. தலைச்சுமையில் மீன் விற்பவள். அவரைக் கடந்து போனவள் நின்றாள். சாருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இது பொய், மெற்றில்டா. நான் எழுதின எண்."

"பேசாம ஓடி வாங்க, சார்."

அவள் பிடி இரும்பாக இருந்தது. இழுத்துக்கொண்டு ஓடினாள். ஊருக்குப் பின்னால் மேட்டுக்கு ஏறும் பாறைப்படியில் தாணுலிங்கத்துக்குக் கால் இடறிற்று. அவரைத் தாங்கப் போய் மெற்றில்டா விழுந்தாள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிகிற சத்தத்தை அவர் கேட்டார். அவள் மறு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

மேட்டில் ஊர் முழுவதும் நின்றது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மெற்றில்டா ஒடிந்த கையை மடியில் வைத்து உட்கார்ந்து கடலையே பார்த்தாள். கடல் நீலமாக, சும்மா கிடந்தது. வராத அலைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

பெனடிக்டா பக்கத்து ஊர்ச் சாலையில் வந்துகொண்டிருந்தார். காற்றில் தன் குரல் கேட்டது. அந்தச் சொற்களை அவர் ஒருபோதும் சேர்த்துச் சொன்னதில்லை. விரட்டி வந்து, ஸ்கூட்டரை வாசலில் அப்படியே போட்டுவிட்டு அறைக்குள் ஓடினார். திரையில் பதினைந்து இருந்தது. மைக்கை எடுத்தார்.

அலை இல்லை, தப்பு எங்களுடையது, வீட்டுக்குத் திரும்பலாம் என்று மூன்றுமுறை சொன்னார். மேட்டிலிருந்தவர்கள் இறங்கவில்லை. ஒரே குரல் இரண்டு விதமாகப் பேசினால் எதை நம்புவது? வெயில் சாயத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

மறுநாள் கமிட்டி கூடிற்று. மெற்றில்டா கையில் மாவுக்கட்டோடு வந்து உட்கார்ந்திருந்தாள். யார் செய்தது என்று தலைவர் கேட்டார். பெனடிக்டா எழுந்து, என் குரல்தானே, நான்தான் என்றார். தாணுலிங்கம் எழுந்து நின்றார். எதை நீக்கினார், எதை நிறுவினார், எந்த வரியில் என்ன எழுதினார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பாதிப் பேருக்குப் புரியவில்லை. அவர் அழுதது புரிந்தது.

அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் அடிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற அந்தோணிப்பிச்சை என்பவர் மட்டும் எழுந்தார்.

"அடுத்த தடவ அது சொன்னா நாங்க ஓடணுமா, வேண்டாமா?"

தலைவர் பெனடிக்டாவைப் பார்த்தார். பெனடிக்டா குனிந்துகொண்டார். கூட்டம் கலைந்தது.

அறைக்குத் திரும்பியதும் பெனடிக்டா ஓதத்தின் பழைய பதிப்பைப் பிரதியாக நிறுவினார். தாணுலிங்கம் பக்கத்தில் நின்றார். இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் திருத்தும் முறையில் எதையும் போட மாட்டேன், லேப்டாப்பில் இருப்பதையும் நீக்கிவிட்டுப் போகிறேன் என்றார்.

"அப்போ உள்ள இருக்கிற பிழைய யாரு திருத்துறது?"

"என்னால முடியாது, டீச்சர். கை நடுங்குது."

"நடுங்கட்டும்" என்றார் பெனடிக்டா.

அன்றைக்கே ஒரு வேலை செய்தார். மிதவையின் எண்கள் தாணுலிங்கத்தின் லேப்டாப்புக்கும் போகும்படி வைத்தார். லேப்டாப்பிலிருந்து கோபுரத்துக்கு எந்த வழியும் கிடையாது. அது பேசினால் அறைக்குள் மட்டும்தான் கேட்கும்.

தாணுலிங்கம் திரும்ப உட்கார்ந்து, அலைகளின் இடைவெளியையும் பார்க்கும்படி ஓதத்தைத் திருத்தினார். மழைக்காலம் போயிற்று. பழைய புயல்களின் எண்களைக் கொடுத்து ஓதத்தை ஓட்டிப் பார்த்தார். சில நாள் சரியாகச் சொல்லும். சில நாள் ஒன்றுமில்லாததற்குப் பதறும். லேப்டாப் பெனடிக்டாவின் குரலில் விலகவும் என்று சொல்லும்போதெல்லாம் எழுந்து ஜன்னலுக்குப் போய், கரையில் யாரும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு வந்து உட்காருவார். பெனடிக்டா அதைப் பார்ப்பார்.

இதைக் கரைக்குக் கொடுக்கலாமா என்று தாணுலிங்கம் ஒருமுறை கேட்டார். இல்லை என்றார் குரு. கோடை தொடங்கும்போது மறுபடி கேட்டார். எப்போதுதான் கொடுப்பது, எத்தனை தடவை சரியாகச் சொன்னால் போதும் என்று ஓர் அளவு சொல்லுங்கள் என்றார்.

பெனடிக்டா ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உப்புக்காற்றில் அது துருவேறியிருந்தது.

சித்திரை மாதத்தில் ஒரு மதியம். காற்று செத்துக் கிடந்தது. கடலில் ஒரு சுருக்கம் இல்லை. கோபுரத்து ஒலிபெருக்கி கடல் அமைதி என்று சொல்லிச் சற்று நேரந்தான் ஆகியிருந்தது. மெற்றில்டாவும் இன்னும் சில பெண்களும் தண்ணீரோரமாகக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தோணிப்பிச்சையும் மற்ற வள்ளக்காரர்களும் கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் படுத்திருந்தார்கள். பெனடிக்டா அறையின் மொட்டைமாடியில் சோலார் தகட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தாணுலிங்கத்தின் லேப்டாப் பேசிற்று. கரையை விட்டு உடனே விலகவும்.

எண்களைப் பார்த்தார். அலையின் உயரம் சிறிதுதான். இடைவெளி நீண்டிருந்தது. அடுத்த எண் வந்தது. இன்னும் நீண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். குளம்போல் இருந்தது.

பக்கத்திலேயே அறைக் கம்ப்யூட்டர். அதன் கடவுச்சொல் அவருக்குத் தெரியும். ஒரே ஒரு கட்டளை. எழுதினால் கோபுரம் பேசும். அவர் அதைப் பார்த்தார். கை அந்தப் பக்கம் போகவில்லை. தப்பாக இருந்தால்? மறுபடி அந்தப் பாய், அந்தச் சோறு, அந்தப் பாறைப்படி. சரியாக இருந்தால்?

எழுந்து வெளியே வந்தார். நடந்தார். நடை வேகமாயிற்று. பிறகு ஓடினார்.

கொதிக்கிற மணல். செருப்பு எங்கோ கழன்றுவிட்டது. அறுபது வயதைத் தாண்டிய மனிதர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து வள்ளத்து நிழலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் சிரித்தார். தாணுலிங்கம் அவர்களைத் தாண்டித் தண்ணீரை நோக்கி ஓடினார்.

"மெற்றில்டா, எழும்பு. கடல் வருது."

மெற்றில்டா கடலைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கோபுரத்தைப் பார்த்தாள். அது பேசாமல் இருந்தது.

"யாரு சொன்னா, சார்?"

"நான் சொல்லுதேன்."

அவர் மூச்சு இரைத்தது. உதடு வெளுத்திருந்தது. சரியாகச் சேராத தன் கையை ஊன்றி மெற்றில்டா எழுந்தாள். மற்றப் பெண்களை எழுப்பினாள். கருவாட்டை அள்ளப் போனவளைத் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

அப்போது கோபுரம் பேசிற்று. அது பேசுகிற நேரமே இல்லை.

கரையை விட்டு உடனே விலகவும்.

வள்ளக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அசையவில்லை. அந்தோணிப்பிச்சை கடலைப் பார்த்தார். பிறகு, பெண்களைத் தனக்கு முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டு கடைசி ஆளாகத் தள்ளாடி வரும் தாணுலிங்கத்தைப் பார்த்தார். ஏலே எழும்புங்கலே என்றார். போகிற போக்கில் சாரின் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டார்.

அவர்கள் சந்துக்குள் ஏறும்போது கடல் வந்தது. இரைச்சல் இல்லை. அலை என்று சொல்லும்படி எதுவும் எழவில்லை. தண்ணீர் அப்படியே உயர்ந்து உள்ளே நடந்து வந்தது. கருவாட்டை எடுத்தது. வள்ளங்களைத் தூக்கி ஒன்றோடு ஒன்று மோதவிட்டது. வள்ளக்காரர்கள் நிழலுக்கு ஒதுங்கிப் படுத்திருந்த இடத்தில் கழுத்தளவு நின்றது. முதல் வரிசை வீடுகளுக்குள் புகுந்து பாத்திரங்களை வெளியே கொண்டுவந்தது. பிறகு பின்வாங்கி, மணலையும் அடுப்புக் கல்லையும் இழுத்துக்கொண்டு, எதுவும் செய்யாததுபோல் போய்ப் படுத்துக்கொண்டது.

மெற்றில்டா ஆட்களை எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள்.

தாணுலிங்கம் கால் வெந்து, முழங்கால் வரை நனைந்து அறைக்குத் திரும்பினார். பெனடிக்டா அறைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தார். முந்தானையிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரையில் அவர் கொடுத்த கட்டளை இருந்தது. தாணுலிங்கம் திருத்திய ஓதத்தின் புதிய பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. கோடு இல்லை, அந்த எழுத்து இல்லை. பிரதி.

தாணுலிங்கம் கட்டளை ஓடிய நேரத்தைப் பார்த்தார். கடல் வருவதற்கு முந்திய நேரம்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி ஏறுறதுக்கு முன்னமே போட்டிருக்கீங்களே, டீச்சர். சோதனைகூட இன்னும் முடியல. எத நம்பிப் போட்டீங்க?"

"மாடியில இருந்து பாத்தேன்" என்றார் பெனடிக்டா. "நீங்க ஓடுனீங்க."